பெட்டியைக் கும்பிட்டவர்

மின்னஞ்சல் அப்பாவின் பெயருக்கு வந்திருந்தது. அப்பா இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

அம்மா அதைக் கடையில் உட்கார்ந்து படித்தாள். புரியவில்லை. மறுபடி படித்தாள். புரிந்தபோது மகளுக்கு ஃபோன் செய்தாள்.

"பாப்பா, உங்க அப்பாவைத் திருடன்கிற மாதிரி எழுதியிருக்காங்கடி."

உடனே புறப்பட்டு வரச் சொன்னாள்.

மகளுக்கு வேறு ஊரில் வேலை. மற்றவர்கள் எழுதிய மென்பொருளைச் சோதித்து அதில் தப்புக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்குத்தான் சம்பளம். நாலு நாள் விடுப்பு சொல்லிவிட்டு, செவ்வாய்க்கிழமை காலையில் பையைத் தோளிலிருந்து இறக்காமலே கடைக்குள் நின்று அந்த மின்னஞ்சலைப் படித்தாள்.

எம்பிராய்டரி டிசைன் போடும் மென்பொருளின் உரிமம் இல்லாத பிரதி ஒன்று இந்தக் கடையில் இயங்குகிறது என்று அதைத் தயாரிக்கும் நிறுவனத்துக்கு இணையம் வழியாகத் தெரிய வந்திருக்கிறது. காசு கொடுத்து வாங்கியதுதான் என்றால் நிரூபிக்க வேண்டும். வாங்கிய பில்லைக் காட்டலாம். அல்லது டாங்கிளைக் காட்டலாம். வெள்ளிக்கிழமை ஆள் வருவார். இரண்டில் ஒன்றும் இல்லையென்றால் கணினியை எடுத்துக்கொண்டு போவார்கள், வழக்கும் போடுவார்கள்.

டாங்கிள் என்பது பென்டிரைவ் மாதிரி ஒரு சின்னக் குச்சி. அதைக் கணினியில் செருகி வைத்தால்தான் அந்த மென்பொருள் வேலை செய்யும். மென்பொருளை யார் வேண்டுமானாலும் நகல் எடுக்கலாம், குச்சியை நகல் எடுக்க முடியாது. அதனால் குச்சி யார் கையில் இருக்கிறதோ அவர்தான் சொந்தக்காரர்.

"அப்படி ஒண்ணு நம்மகிட்ட இருக்காம்மா?"

"எனக்கென்னடி தெரியும்? கம்ப்யூட்டர் பக்கம் அவர் யாரையும் விட்டதில்ல."

கடை ஒரே அறை. ஒரு சுவரை ஒட்டிப் பல ஊசிகள் கொண்ட எம்பிராய்டரி மெஷின். எதிர்ச் சுவரில் நூல் கண்டுகள், வெளிறியதில் தொடங்கி அடர்ந்த நிறம் வரை வரிசையாக. மூலையில் கணினி. சட்டைப் பையின் மேல் பெயர் தைப்பதுதான் முக்கிய வேலை. மருத்துவமனை நர்ஸுகள், வங்கிக் காவலாளிகள், ஹோட்டல் பணியாளர்கள் என்று இந்த ஊரில் நெஞ்சில் பெயரோடு நடக்கிறவர்களில் பாதிப் பேரின் பெயர் இங்கே தைத்ததாக இருக்கும்.

அந்தத் தெருவில் இதே வேலை செய்யும் கடைகள் இன்னும் சில உண்டு. அவர்கள் எல்லோரிடமும் இருப்பது ஓசியில் வந்த மென்பொருள்தான். ஒருவர் எங்கிருந்தோ கொண்டுவந்தார், மற்றவர்கள் நகல் எடுத்துக்கொண்டார்கள். அப்பா மட்டும் ஒரு பொருட்காட்சிக்குப் போய், கம்பெனியின் முகவர் போட்டிருந்த கடையில் காசு கொடுத்து வாங்கினார். வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வாங்குவதற்காகச் சேர்த்த பணம் அது. அன்றிலிருந்து தெருவில் அவர் பெயர் 'ஒரிஜினல்'. முதலில் கிண்டலுக்குத்தான் வைத்தார்கள். போகப்போக அதுவே பெயராகிவிட்டது. தபால்காரர்கூட "ஒரிஜினல் சார் இருக்காரா?" என்றுதான் கேட்பார்.

"ஏன்யா இப்படிக் காசைக் கரியாக்குறே?" என்று கேட்டவர்களிடம் அப்பா ஒரே பதிலைத்தான் சொல்வார். "திருட்டு சாமான்ல தெச்ச பேரு, போட்டுக்கிறவன் நெஞ்சுல குத்தும்."

நகல் கேட்டு வந்தவர்களுக்கும் அவர் கொடுத்ததில்லை. அதில் பலருக்கு வருத்தம்.

அந்த ஒரிஜினலுக்குத்தான் இப்போது நோட்டீஸ்.

சேதி எப்படியோ வெளியே போய்விட்டது. பக்கத்துக் கடை ஸ்டிக்கர்க்காரர் வந்து வாசலில் நின்றார். வண்டிகளுக்கு ஸ்டிக்கர் வெட்டி ஒட்டுகிறவர். உரத்த குரல், உரத்த சிரிப்பு. அப்பாவை விட்டுக்கொடுக்காதவர், கிண்டலை மட்டும் விடாதவர்.

"என்ன பாப்பா, ஒரிஜினலுக்கே நோட்டீஸா? கலிகாலம்தான் போ."

"பில்லு தேடிக்கிட்டிருக்கேன் மாமா."

"தேடு, தேடு. கிடைக்கலன்னா ஒரு வழி சொல்றேன், கேட்டுக்கோ." குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தியும் அம்மாவுக்குக் கேட்டது. "அப்பா காலத்துல போட்டது, எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிடு. இல்லாத மனுஷன் மேல கேஸ் போடுவானா? அவர் போயும் உங்களுக்கு ஒரு உதவி பண்ணின மாதிரி இருக்கும்."

அம்மா பாபின் டப்பாவை மூடினாள். சத்தம் கொஞ்சம் அதிகமாகவே வந்தது.

"இல்ல தங்கச்சி, நான் ஒரு பேச்சுக்குச் சொன்னேன்" என்று சொல்லிவிட்டு அவர் நழுவினார்.

மகள் பில்லைத் தேடினாள். அப்பாவின் கோப்புகளில் எல்லாம் ஒழுங்கு. மின்கட்டணம் தனி, வாடகை தனி, மெஷின் பழுது பார்த்தது தனி. 'டிசைன் சாஃப்ட்வேர்' என்று எழுதிய கோப்பு கிடைத்தபோது அவளுக்கு மூச்சு சீரானது. திறந்தாள். உள்ளே ஒரே ஒரு தாள், பளபளப்பாக லேமினேட் செய்தது. முழுக்க முழுக்கக் கறுப்பு. முன்னால் கறுப்பு, பின்னால் கறுப்பு. ஓர் எழுத்து இல்லை.

"இது என்னம்மா?"

அம்மா வாங்கிப் பார்த்தாள். இரண்டு மாதத்தில் முதல் முறையாக அவள் முகத்தில் சிரிப்புபோல ஒன்று வந்து போனது.

"அதுதான்டி பில்லு. சின்ன மெஷின்ல அடிச்சுக் குடுத்த பில்லு, நாளாக நாளாக எழுத்து மங்குதுன்னு லேமினேஷன் பண்ணக் கொண்டு போனாரு. சூட்டுல உள்ள விட்டான் பாரு, மறுபக்கம் கரிக்கட்டையா வந்துச்சு. அன்னிக்கு நான் சிரிச்ச சிரிப்புல மூணு நாள் என்கூடப் பேசல. தூக்கிப் போடுங்கன்னேன். 'கறுப்பா இருந்தாலும் பில்லு பில்லுதான்'னு ஃபைல்ல வெச்சிட்டாரு."

சூடு பட்டால் கறுக்கும் காகிதம் அது. அச்சிடுவதே சூட்டால்தான். மகளுக்கு அது தெரியும். அப்பாவுக்குத் தெரியவில்லை. பத்திரப்படுத்தப் போய் அழித்திருக்கிறார். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். தெரிந்தது அவள் முகம்தான்.

பிறகு டாங்கிளைத் தேடினாள். மேசை இழுப்பறைகள், நூல் பெட்டிகள், அப்பாவின் சட்டைப் பைகள், வீட்டு அலமாரி. மெஷினை ஓட்டும் 'ஊசி'யும் சேர்ந்து தேடினான். ஒல்லியான உடம்பு, அதனால் அந்தப் பெயர். கடை தொடங்கியதிலிருந்து இருக்கிறவன். அப்பா இருந்தவரை மெஷின் மட்டும்தான் அவன் பொறுப்பு. இப்போது வேறு வழியில்லாமல் கணினியிலும் உட்கார்ந்து, பழைய டிசைனைத் திறந்து பெயரை மட்டும் மாற்றி ஓட்டுகிறான்.

"அண்ணே, அப்பா கம்ப்யூட்டர்ல குச்சி மாதிரி எதையாவது செருகிப் பாத்திருக்கீங்களா?"

"இல்லம்மா." அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "காலையில வருவாரு, பெட்டியக் கும்பிடுவாரு, உக்காருவாரு. அவ்வளவுதான்."

பெட்டியைக் கும்பிடுவது தெருவுக்கே தெரிந்த கதை. அப்பா தினமும் கணினியைப் போட்டதும் உட்கார மாட்டார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மேசைக்குக் கீழே இருக்கும் பெட்டியின் பக்கம் குனிவார். ஒரு கணம் அப்படியே நிற்பார். தலையை ஆட்டிவிட்டு நிமிர்ந்து உட்காருவார். ஸ்டிக்கர்க்காரர் வாசலிலிருந்து, "என்ன ஒரிஜினல், சாமி வரம் குடுத்துச்சா?" என்பார். "குடுத்திருச்சு, நீ போய் உன் கடையப் பாரு" என்பார் அப்பா. எந்தச் சாமியையும் தேடிப் போகாத மனிதர் ஒரு தகரப் பெட்டியைக் கும்பிட்டது எல்லோருக்கும் வேடிக்கை.

மாலைக்குள் மகள் கணினியில் அந்த மென்பொருள் இருந்த இடத்தைத் திறந்து ஒவ்வொரு கோப்பாகப் பார்த்தாள். இது அவள் தொழில். கையே தானாக வேலை செய்தது. கம்பெனி கொடுக்காத ஒரு கோப்பு அங்கே இருந்தது. டாங்கிள் இல்லாமலே இருப்பதாக மென்பொருளை நம்பவைக்கிற கோப்பு. பூட்டை உடைத்தவர்கள் செய்து இணையத்தில் விடுவது. அதன் தேதி பல வருடங்களுக்கு முந்தையது.

நாற்காலியில் பின்னால் சாய்ந்தாள்.

அந்தத் தேதி உடைத்தவன் அதைச் செய்த தேதியாகவும் இருக்கலாம். இங்கே போட்ட தேதியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அறிவுக்கு அது தெரிந்தது. ஆனால் பில் கறுப்பு. டாங்கிளை யாரும் பார்த்ததில்லை. இப்போது இது. வேறொருவர் கடையாக இருந்திருந்தால் அவள் தயங்காமல் அறிக்கை எழுதியிருப்பாள்.

பொருட்காட்சியில் வாங்கியது உண்மையாகவே இருக்கட்டும். பிறகு டாங்கிள் தொலைந்திருக்கலாம். தொலைந்தது என்று சொல்ல வெட்கப்பட்டுத் தெருக்காரர்களிடமே வாங்கிப் போட்டிருக்கலாம். பெயர் ஒரிஜினல். அதை எப்படி வெளியே சொல்வார்?

நிச்சயப்படுத்திக்கொள்ள ஒரு வழி இருந்தது. அதைச் செய்ய அவளுக்குப் பயம்.

அப்பாவின் பழைய கணினி இது இல்லை. அவர் போன அடுத்த வாரம் அவள் செய்த காரியம் அது. துக்கத்தில் சிலர் அழுவார்கள். சிலர் பாத்திரம் தேய்ப்பார்கள். அவள் பேக்கப் எடுத்தாள். பழைய பெட்டி தேங்காய் துருவுகிற மாதிரி சத்தம் போடும். அப்பா அந்தச் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்திருப்பதுபோலவே இருக்கும். தாங்க முடியவில்லை. புதுக் கணினி வாங்கி, பழைய ஹார்ட் டிஸ்க் வட்டில் இருந்ததை அச்சு அசலாக இதில் மாற்றினாள். மென்பொருள் திறக்கிறது, டிசைன்கள் இருக்கின்றன என்று சரிபார்த்தாள். வட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு, வெறும் பெட்டியைப் பழைய கணினி வாங்குகிறவரிடம் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டாள்.

அந்தப் பழைய வட்டு வீட்டில் அவள் துணிப் பெட்டியில், அப்பாவின் கைக்குட்டையில் சுற்றி இருந்தது. அதில் இந்தக் கோப்பு இருந்தால் அப்பா பொய்யர். இல்லையென்றால் இல்லை. பார்க்கச் சில நிமிடங்கள் போதும்.

புதன்கிழமை முழுவதும் அவள் பார்க்கவில்லை. மறுபடி இழுப்பறைகளைத் தேடினாள். தேடிய இடத்தையே தேடினாள். பொருட்காட்சியில் விற்ற ஆட்களைத் தேடி ஃபோன் செய்தாள். அந்த முகவர் கடையை மூடிவிட்டுப் போய்ப் பல காலம் ஆகியிருந்தது. கம்பெனிக்கு ஃபோன் செய்தாள்.

"பேர் சொன்னா உங்க ரெக்கார்டுல தெரியாதா சார்?"

"அந்தக் காலத்துல முகவர் மூலமாதான் வித்தோம் மேடம். யார் வாங்குனாங்கன்னு எங்ககிட்ட இருக்காது, டாங்கிள் நம்பர்தான் இருக்கும். டாங்கிள் இருக்கா?"

"தேடிக்கிட்டிருக்கோம்."

"எல்லாரும் அதைத்தான் மேடம் சொல்றாங்க." அவர் குரலில் கேலி இல்லை. அதுதான் அவளை இன்னும் சுட்டது. "வெள்ளிக்கிழமை வர்றேன்."

அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். அவள் போகவில்லை. அம்மா தட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"உனக்கு அவர் மேல சந்தேகமா இருக்கு. அதானே?"

"இல்லம்மா."

"பொய் சொல்லாதடி. மூக்கு வேர்க்குது உனக்கு. பள்ளிக்கூடத்துல மார்க்கு குறைஞ்சா இப்படித்தான் வேர்க்கும்." தட்டை அவள் பக்கம் தள்ளினாள். "எதைப் பாக்கணுமோ அதைப் பாத்துத் தொலை. இருபத்தொம்போது வருஷம் அந்த மனுஷனோட குடும்பம் நடத்துனேன். எனக்கும் தெரிஞ்சாகணும்."

வியாழக்கிழமை காலையில் கடையில் வைத்து, கைக்குட்டையைப் பிரித்து, வட்டை இணைத்தாள். அம்மா பின்னால் நின்றாள். ஊசி மெஷினை நிறுத்திவிட்டான்.

அந்தக் கோப்பு இல்லை.

மறுபடி தேடினாள். வேறு பெயரில் தேடினாள். அழித்த கோப்புகளிலும் தேடினாள். கம்பெனி கொடுத்தது மட்டும் இருந்தது. வேறு ஒரு பொட்டுத் தூசி இல்லை.

"அப்பா போடல" என்றாள். "இது அப்புறம் வந்திருக்கு."

ஊசி துணியைக் கீழே வைத்தான். "நான்தாம்மா" என்றான்.

இருவரும் திரும்பினார்கள்.

"நீ புதுசு வெச்சுட்டுப் போன மறுநாள், ஆஸ்பத்திரி ஆர்டரு. பேரை மாத்தி மெஷினுக்கு அனுப்பப் போனா, டாங்கிள் இல்லன்னு ஒரு எழுத்து வந்துச்சு. திறக்குது, சேவ் பண்ண விடல. உனக்கு ஃபோன் பண்ண எடுத்தேன், மனசு வரல. அப்பனப் பறிகொடுத்துட்டுப் போயிருக்க புள்ள. ஸ்டிக்கர் அண்ணன்கிட்ட கேட்டேன். அஞ்சு நிமிஷ வேலைன்னு எதையோ போட்டுக் குடுத்தாரு." கண்ணைத் துடைத்தான். "முதலாளி இருந்திருந்தா என்னைச் செருப்பால அடிச்சிருப்பாரு."

அவளுக்குக் கோபம் வரவில்லை. கணக்குதான் ஓடியது. திறக்கும், சேமிக்காது. அவள் திறந்து பார்த்தாள், சேமித்துப் பார்க்கவில்லை. சோதிக்கிற தொழில், பாதிச் சோதனை. அது பிறகு. புதுக் கணினியில் டாங்கிள் இல்லை என்று வந்தது என்றால், பழையதில் இருந்திருக்கிறது. ஆனால் எங்கே? பெட்டியின் முன்னால் எதுவும் இல்லை. பின்னால் இருந்த ஒயர்களை அவளே ஒவ்வொன்றாகக் கழற்றினாள். குச்சி இருந்திருந்தால் அவள் கண்ணுக்குத் தப்பாது.

"இந்தப் பெட்டி எனக்குப் பிடிக்கவே இல்லடி" என்றாள் அம்மா, எதற்கோ பதில் சொல்வதுபோல. "பழசுல சாயங்காலம் கடைய இருட்டாக்குனா, பக்கத்து ஓட்டைக்குள்ள ஒரு பச்சை வெளிச்சம் தெரியும். மின்மினி மாதிரி. அதைப் பாத்துட்டுத்தான் ஷட்டரை இழுப்பாரு. இதுல அது இல்ல."

"முன்னாடி எரியுற லைட்டாம்மா?"

"முன்னாடி இருந்தது நீலம். எனக்குத் தெரியாதா? இது உள்ள. காத்துப் போற ஓட்டை வழியாத் தெரியும். குனிஞ்சாத்தான் தெரியும்."

குனிஞ்சாத்தான் தெரியும்.

மகள் எழுந்து நின்றாள். உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள்.

கும்பிடவில்லை. அவர் ஒரு நாளும் கும்பிடவில்லை. விளக்கு எரிகிறதா என்று பார்த்திருக்கிறார். டாங்கிள் பெட்டிக்குள்ளே இருந்திருக்கிறது. இந்தத் தொழிலில் டாங்கிள் காணாமல் போவது சகஜம். மென்பொருளின் விலை முழுக்க அந்தக் குச்சியில்தான். அதனால் யார் கைக்கும் எட்டாமல், உள்ளே மதர்போர்டிலேயே ஒயர் போட்டுச் செருகி, மூடிவிட்டார். எங்கே இருக்கிறது என்று யாருக்கும் சொல்லவில்லை. வட்டைக் கழற்ற அவள் திறந்தது மறுபக்கத் தகட்டை. தெரு சிரித்தது. சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

அந்தப் பெட்டியைத்தான் அவள் கொடுத்துவிட்டாள்.

பழைய கணினி வாங்குகிறவர் கடை இரண்டு தெரு தள்ளி. ஓடாத குறையாகப் போனாள். ஊசியும் பின்னால் வந்தான். அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கரகர பெட்டியா? ஃபேனை மாத்துனேன், கம்முனு ஆயிடுச்சு. வித்தாச்சே."

"உள்ள ஒரு குச்சி இருந்திருக்கும். எடுத்தீங்களா?"

"குச்சியா?" யோசித்தார். "ஊதுனேன். தொடச்சேன். வேற வட்டு போட்டேன். தேவையில்லாதது எதாவது கண்ணுல பட்டா கழட்டி அந்த டின்னுல போட்டுருவேன். இதுல கழட்டுனேனா? ஞாபகம் இல்லயேம்மா."

டின்னைக் கவிழ்த்தாள். திருகாணிகள், ஒயர்த் துண்டுகள், உடைந்த பென்டிரைவ்கள். ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். விரல்கள் கறுத்தன. எதுவும் அது இல்லை. அல்லது எது அது என்று அவளுக்குத் தெரியவில்லை. அதை அவள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லையே.

"மாசாமாசம் இதைக் காயலான் கடையில போட்டுருவேன்" என்றார் அவர் மெல்ல. "போன மாசத்து டின்னு போயிடுச்சு."

"யாருக்கு வித்தீங்க?"

"டிரைவிங் ஸ்கூல் அம்மாவுக்கு."

டிரைவிங் ஸ்கூல் ஒரு மாடி அறை. சுவர் முழுக்கச் சாலைக் குறியீடுகள். கற்றுக்கொள்ள வந்தவர்கள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கணினி முன்னால் பயிற்சித் தேர்வு எழுதிக்கொண்டிருந்தார். ஸ்கூலை நடத்தும் அம்மாள் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

மகள் சொன்னாள். வேகமாகச் சொன்னதில் பாதி அவளுக்கே புரிந்திருக்காது.

"நான் காசு குடுத்து வாங்கின பெட்டி. திறக்கணும்னு வந்து நிக்கிறீங்க. உள்ள தங்கம் வெச்சிருந்தாரா உங்க அப்பா?"

"இல்லங்க. ஒரு குச்சி. உங்களுக்கு அது உதவாது."

"அப்ப உங்களுக்கு மட்டும் எதுக்கு?"

"எங்க முதலாளி திருடன் இல்லன்னு காட்டணும்ங்க" என்றான் ஊசி.

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். பெஞ்சில் இருந்தவர்கள் குறியீடுகளை விட்டுவிட்டு இவர்களைப் பார்த்தார்கள்.

"டெஸ்ட் நடக்குது. நடுவுல அணைச்சா அவர் முதல்லேர்ந்து எழுதணும். முடியட்டும்."

"அணைக்க வேண்டாம். குனிஞ்சு பாத்துக்கறேன். அது போதும்."

மேசைக்கு அடியில் பெட்டி சுவரை ஒட்டி இருந்தது. ஓட்டைகள் இருக்கும் பக்கம் சுவர்ப் பக்கம். தேர்வு எழுதியவர் காலை மடக்கி வழி விட்டார். அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே முகத்தைக் கொண்டுபோனாள். தூசி. இருட்டு. ஃபேனின் காற்று கன்னத்தில் பட்டது. ஓட்டைகளுக்குள்ளே எதுவும் தெரியவில்லை. தலையை இன்னும் கொஞ்சம் சாய்த்தாள்.

பச்சை.

ஒரு கடுகு அளவு. அசையாமல்.

அவள் நிமிர்வதற்குச் சற்று நேரம் ஆனது. என்ன ஆச்சு என்று யாரோ கேட்டார்கள். இடுப்பு பிடித்துக்கொண்டது என்று ஊசி பதில் சொன்னான்.

தேர்வு முடிந்ததும் அந்த அம்மாளே திருப்புளி கொண்டுவந்தார். பக்கத் தகடு கழன்றது. மதர்போர்டிலிருந்து ஒரு குட்டி ஒயர், அதன் முனையில் குச்சி. ஆடாமல் இருக்க, பெட்டியின் கம்பியோடு சேர்த்துச் சிவப்பு நூலால் சுற்றிக் கட்டியிருந்தது. நெருக்கமாக, இழைக்கு இழை இடைவெளி இல்லாமல். அப்பாவின் கட்டு. பழைய பெட்டிக்காரர் அதைக் கழற்றப் பார்த்து, முடியாமல் விட்டிருக்க வேண்டும். ஓரத்தில் இரண்டு இழை பிய்ந்திருந்தது.

நூலில் ஒரு சின்னத் துணிச் சீட்டு தொங்கியது. சட்டைப் பையில் பெயர் தைக்கிற அதே எழுத்தில், மெஷினில் தைத்த எண். குச்சியின் மேல் அச்சிட்டிருந்த எண் தேய்ந்துபோயிருந்தது. பில் கறுத்த பிறகு அப்பா காகிதத்தையும் மையையும் நம்பவில்லை போலிருக்கிறது. நூலை நம்பினார்.

"அழகா தெச்சிருக்காரே" என்றார் அந்த அம்மாள்.

வெள்ளிக்கிழமை கம்பெனிக்காரர் வந்தார். இளவயது, ஒற்றைப் பை, சோர்ந்த முகம். தினமும் நாலு கடைகளில் திட்டு வாங்குகிறவர் என்பது நடையிலேயே தெரிந்தது. டாங்கிளைத் தம் மடிக்கணினியில் செருகினார். எண் திரையில் வந்தது. துணிச் சீட்டைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிட்டார். தம் கம்பெனிக் கணக்கிலும் பார்த்தார்.

"அசல்தான். முறையா வித்தது." அவரே கொஞ்சம் நிமிர்ந்தார். பிறகு கடைக் கணினியைத் திறந்து பார்த்தார். முகம் பழையபடி ஆனது. "டாங்கிள் இருக்கு. அப்ப இந்தக் கோப்பு எதுக்கு மேடம்?"

அதை அவள் அழிக்கவில்லை. அழித்திருக்கலாம். அழித்தால், கம்பெனிக்குப் போன தகவல் அப்பா காலத்தில் நடந்ததைப் பற்றியது என்று ஆகிவிடும்.

வாசலில் ஸ்டிக்கர்க்காரர் நின்றிருந்தார். வாயை மட்டும் அசைத்து, 'அப்பா, அப்பா' என்று கண்ணைக் காட்டினார். ஊசி முன்னால் ஓர் எட்டு வைத்தான். அவள் கையை நீட்டி அவனை நிறுத்தினாள்.

"அப்பா இருந்தவரைக்கும் அது இல்ல. பழைய வட்டு இருக்கு, பாத்துக்கங்க. டாங்கிள் உள்ள இருக்குன்னு தெரியாம பெட்டியை வித்தது நான். அதுக்கப்புறம் வேலை நிக்கக் கூடாதுன்னு இதைப் போட்டோம். ரெண்டு மாசமா திருட்டுப் பிரதியிலதான் ஓடுச்சு. தப்பு எங்களுது."

"யார் போட்டுக் குடுத்தாங்க?"

"இந்தக் கடையில நடந்ததுக்கு நான் பொறுப்பு. அவ்வளவு எழுதிக்கங்க."

வாசலில் இருந்தவர் சட்டென்று தம் கடைக்குள் போனார்.

கம்பெனிக்காரர் பழைய வட்டையும் பார்த்தார். நிறைய தட்டச்சு செய்தார். "ரெண்டையும் எழுதறேன் மேடம். உரிமம் செல்லும். கம்ப்யூட்டரை எடுக்க வேண்டியதில்ல. ரெண்டு மாசத்துக்கு அபராதம் வரலாம், வராமலும் போகலாம். அது மேல இருக்கவங்க முடிவு." அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோப்பை அழித்தார். "வித்தியாசமான ஆளு உங்க அப்பா. அவர் பேரு என்ன போடட்டும்?"

அம்மா சொன்னாள். கணவர் பெயரை அவள் வாயால் சொல்லி மகள் கேட்டது அதுதான் முதல் தடவை.

அவர் போன பிறகும் மகளுக்கு நிம்மதி இல்லை. அபராதம் வந்தால்? அந்தக் கேள்வியை இனி ஊருக்கு எடுத்துக்கொண்டு போக வேண்டும். அம்மா மட்டும் நூல் கண்டுகளை அடுக்கிக்கொண்டே, "வந்தா கட்டுவோம்" என்றாள். "ஃபிரிட்ஜு இல்லாமலே வளந்தவதானே நீ?"

அன்று மாலை புதுப் பெட்டியைத் திறந்து, டாங்கிளை உள்ளே பொருத்தினாள். வெளியிலேயே செருகலாமே என்றான் ஊசி. வேண்டாம் என்றாள். சிவப்பு நூலால் கட்டினாள். அப்பாவின் கட்டு அவளுக்கு வரவில்லை, இரண்டு முறை அவிழ்ந்தது. ஊசிதான் கட்டிக் கொடுத்தான். புதுப் பெட்டியில் காற்று ஓட்டைகள் மிகவும் கீழே இருந்தன.

மறுநாள் காலையில் பஸ்ஸுக்குக் கிளம்புவதற்கு முன் கடைக்கு வந்தாள். கணினியைப் போட்டாள். அப்பாவைவிட இன்னும் தாழக் குனிய வேண்டியிருந்தது. ஒரு பெயரை மாற்றினாள். சேமித்தாள். சேமித்தது.

"என்ன பாப்பா?" வாசலில் ஸ்டிக்கர்க்காரர். குரல் வழக்கத்தைவிடத் தாழ்ந்திருந்தது. கிண்டலைத் தொடங்கலாமா என்று பார்த்துத் தொடங்கினார். "நீயும் பெட்டியக் கும்பிட ஆரம்பிச்சாச்சா?"

அம்மா மகளைப் பார்த்தாள். ஊசி மெஷினைப் பார்த்தான்.

"ஆமா மாமா" என்றாள் அவள். "குடும்பப் பழக்கம்."